வெள்ளம் என்றால் தண்ணீர்: எல்லையோரத்தில் வாசித்த சில புத்தகங்கள்

களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் பாறசாலை, நெய்யாற்றின்கரையில் இருப்பவர்களுக்கும் செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு, புனலூர் வழியில் இருப்பவர்களுக்கும் குமரி நாவல்களை வாசிப்பதில் ஒரு வசதி உண்டு. ‘சக்கை’ என்று வந்தால் அவர்களுக்குப் பலாப்பழம் கண்ணில் தெரியும். கரும்பைப் பிழிந்து எறிந்த சக்கை தெரியாது. ‘கழிஞ்ச வருசம்’ என்றால் போன வருடம். ‘கொள்ளாம்’ என்றால் நன்றாக இருக்கிறது. ‘வெள்ளம்’ குடிக்கிற தண்ணீர். சென்னை வாசகர் முப்பதாம் பக்கத்தில் மூடிவைக்கிற புத்தகத்தை இங்கே இரண்டு நாளில் முடித்துவிடுகிறார்கள் என்றால் காரணம் இந்தச் சொற்கள்தான் என்று நினைக்கத் தோன்றும்.

அது பாதிதான் சரி. தெரியாத சொல் இரண்டாம் முறை வரும்போது எந்த வாசகரும் ஊகித்துவிடுவார். ஊகிக்க முடியாதவை வேறு: காசுக் கணக்கு, ஆண்டுக் கணக்கு, சொத்து யாருக்குப் போகும் என்கிற கணக்கு. எல்லையோர வாசகர்களும் இடறி விழுவது இந்த மூன்றில்தான். புத்தகத்தின் பின்னால் வருகிற சொல்லகராதியில் இவை பெரும்பாலும் இருப்பதில்லை. அதனால் இவற்றை முதலில் சொல்லிவிட்டுப் புத்தகங்களுக்குப் போகலாம்.

திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். ஆக, 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். பிரிட்டிஷ் ரூபாய்க்கு இருபத்தெட்டரைச் சக்கரம். இதைத் தெரியாமல் வாசித்தால், பாத்திரம் ஒன்று ‘ரெண்டு பணம் தாரும்’ என்று கேட்கும்போது இரண்டு ரூபாய் கேட்கிறது என்றோ, ‘பணம்’ என்று பொதுவாகச் சொல்கிறது என்றோ தோன்றிவிடும். உண்மையில் அது எட்டுச் சக்கரம். ரூபாயில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அந்த எட்டுச் சக்கரத்துக்காகத் திண்ணையில் காலை முழுக்கக் காத்து நிற்கிறவனின் நிலைமை, கணக்குப் புரிந்தால்தான் உறைக்கும்.

ஆண்டு, கொல்லம் ஆண்டு. ஆவணி முதல் தேதி, மலையாளக் கணக்கில் சிங்ஙம் ஒன்று, புது வருடம். ஜனவரிக்கும் ஆகஸ்ட் நடுவுக்கும் இடையே நடந்தது என்றால் 825 கூட்ட வேண்டும். ஆகஸ்ட் நடுவிலிருந்து டிசம்பர் வரை என்றால் 824. பெரியவர்கள் நூற்றாண்டை விட்டுவிட்டுக் கடைசி இரண்டு இலக்கத்தை மட்டும் சொல்வார்கள். ‘தொண்ணூற்றொம்பதாம் ஆண்டு வெள்ளம்’ என்பது 1099, கர்க்கடகம்; அதாவது 1924 ஜூலை. ஐந்து வயதில் அந்த வெள்ளத்தைப் பார்த்ததாக ஒரு கிழவி சொன்னால் அவள் 1919இல் பிறந்தவள். கதை எந்தக் காலத்தில் நடக்கிறது என்பதைப் பல நாவல்கள் இப்படித்தான் மறைமுகமாகச் சொல்கின்றன. (இங்கே வெள்ளம் என்றால் வெள்ளமேதான். குடிக்கிற வெள்ளம் இல்லை.)

மூன்றாவது கணக்குக்கு ஒரு புத்தகமே இருக்கிறது. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் ‘நாஞ்சில்நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’. 1917–18இல் ‘தமிழன்’ இதழில் வந்தது. கவிமணி என்றதும் குழந்தைப் பாட்டும் ஆசிய ஜோதியும் மட்டும் நினைவுக்கு வருகிறவர்கள் இதைக் கட்டாயம் எடுக்க வேண்டும். சொத்து மகனுக்குப் போகாமல் சகோதரியின் மகனுக்குப் போகிற முறையில், காரணவர் (குடும்பத் தலைவர்) ஒருவருக்கு வாக்கப்பட்டவளின் வாயால் மொத்தக் கதையும் வருகிறது. ‘மாமி அரசியற் படலம்’, ‘கோடேறிக் குடிமுடித்த படலம்’ என்று காவியத் தலைப்புகளை எடுத்து அடுக்களைச் சண்டைக்கும் நீதிமன்றச் செலவுக்கும் வைத்திருக்கிறார். ‘கோடு’ என்றால் கோர்ட்டு. யாப்புக்குப் பயந்து தள்ளிப்போட வேண்டாம். வரிகள் சின்னவை, ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிடும். வாய்விட்டு வாசித்தால் ஏச்சின் தாளம் தானாக வரும். உரையில்லாத மலிவுப் பதிப்புகளும் கிடைக்கின்றன. முதல் வாசிப்புக்கு அடிக்குறிப்பு உள்ளதாகப் பார்த்து வாங்குவது நல்லது. ‘உகந்துடைமை’ போன்ற சொற்கள் சட்டச் சொற்கள், அகராதியில் தேடினாலும் சரியான பொருள் கிடைக்காது. மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தறவாட்டுச் சொத்திலிருந்து, அதாவது கூட்டுக் குடும்பச் சொத்திலிருந்து, ஒதுக்குகிற பங்கு அது. கிண்டலாகத் தொடங்கியதற்கு விளைவும் இருந்தது: 1926இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்து மருமக்கள்வழியின் பிடி தளர்ந்தது.

மான்மியத்தோடு சேர்த்து வாசிக்க வேண்டிய புனைவல்லாத புத்தகம், நாஞ்சில் நாடனின் ‘நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் வாழ்க்கை’. வீடு, சாப்பாடு, கல்யாணம், சாவு, பேச்சு என்று ஒரு சமூகத்தை உள்ளிருந்தே எழுதியது. ஆய்வேட்டின் இறுக்கம் இல்லை. ஆய்வேட்டில் இருக்க வேண்டிய அட்டவணையும் மேற்கோள் ஒழுங்கும்கூட இல்லை. அதைக் குறை என்று சொல்லலாம். ஆனால் பந்தியில் தீயல் எப்போது வரும், புளிச்சேரி எப்போது வரும், எரிசேரிக்கு என்ன காய் என்று தெரிந்த கைதான் இதை எழுத முடியும். ஒன்று நினைவில் இருக்கட்டும்: இது ஒரு சாதியின் வாழ்க்கை. நாஞ்சில் நாடு முழுவதுக்குமான கையேடாக எடுத்துக்கொண்டு விளவங்கோட்டுப் பனங்காட்டையோ தேங்காப்பட்டணத்துக் கடற்கரையையோ இதை வைத்து அளந்தால் தப்பாகிவிடும்.

இனி நாவல்கள்.

தொடக்கத்துக்கு எது என்று கேட்டால் சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’ (1966) என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். சொல்வதில் நியாயம் இருக்கிறது. கதைசொல்லியின் மொழி ஏறக்குறைய பொதுத் தமிழ், வழக்கு உரையாடலில் மட்டும். குளமாக இருந்த இடம் தூர்க்கப்பட்டு, புளியமரம் நாற்சந்திக்கு வந்து, சந்தி கடைத்தெருவாகி, கடைத்தெரு தேர்தலில் மாட்டிக்கொள்கிறது. முன்பாதியில் தாமோதர ஆசான் பேசப் பேச நாவல் ஓடுகிறது. ஆசான் போன பிறகு வேறு புத்தகம் ஆகிவிடுகிறது; தாமுவும் காதரும் போட்டி போடுகிற பகுதியில் கிண்டல் கூர்மையாக இருக்கிறது, வேகம் குறைகிறது. அங்கே சலித்து நிறுத்துகிறவர்கள் பலர். நிறுத்தக் கூடாது. மரத்துக்கு நேர்வது அந்த மெதுவான பகுதியின் சில்லறைப் பகைகளிலிருந்துதான் வருகிறது, முன்பாதியின் மகாராஜாவிடமிருந்து அல்ல.

ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ (1964) இவற்றுள் மிகச் சின்னது. அளவு பார்த்து எளிது என்று நினைத்தால் ஏமாற வேண்டிவரும். லிஸி என்ற பெண் பருவம் வந்ததும் வீட்டுக்குள் அடைபடுகிறாள்; வெளியே பனங்காடு; தங்கராஜ் பனையேறியின் மகன். பெரிய சம்பவங்கள் நடக்கும்போதுகூடக் குரல் உயர்வதில்லை. லிஸி தாத்தாவைக் ‘கண்ணப்பச்சி’ என்று அழைப்பதிலேயே வீட்டின் பழம்பெருமை முழுக்க இருக்கிறது. வெளியூர் வாசகர்கள் தவறாமல் குழம்பும் இடம் பனையேறியின் தொழில். அவர் இறக்குவது கள் என்று நினைத்துவிடுகிறார்கள். பாளையில் கட்டுகிற கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் சாறு புளிக்காது. அது அக்கானி, வேறு ஊர்களில் பதநீர். காய்ச்சினால் கருப்பட்டி. சுண்ணாம்பு இல்லாவிட்டால் அதே சாறு கள். அந்த ஒரு விரல் சுண்ணாம்புதான் கிறிஸ்தவ வீடுகளில் மதிப்பையும் அவமதிப்பையும் பிரிக்கும் கோடு. அக்கானி விழுந்த சில மணி நேரத்தில் காய்ச்சியாக வேண்டும். பனைப் பருவத்தில் அந்தக் குடும்பங்களில் ஆணுக்கு மரம், பெண்ணுக்கு அடுப்பு என்று ஓய்வே இல்லாமல் போவதற்கு அதுதான் காரணம். இதைத் தெரிந்துகொண்டு வாசித்தால், பெரிய வீட்டின் திண்ணையில் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும் ஆண்கள் வேறு மாதிரித் தெரிவார்கள்.

தோப்பில் முகமது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ (1988) தேங்காப்பட்டணத்துக்காரரின் நாவல். மீரான் படித்தது மலையாளத்தில். ‘சாய்வு நாற்காலி’க்காக 1997இல் சாகித்ய அகாதெமி விருது வாங்கியவர். வடக்கு வீட்டு அகமதுக்கண்ணு முதலாளியின் ஊரில் பள்ளிக்கூடம் வருகிறது, முதலாளிக்குப் பிடிக்கவில்லை, பிடிக்காததற்கு மார்க்கம் காரணமாகச் சொல்லப்படுகிறது, உண்மைக் காரணம் அதிகாரம். தமிழ், மலையாளம், அரபு மூன்றும் ஒரே வாக்கியத்தில் கலந்து வரும். இங்கே ஒரு எழுத்துக் குறிப்பு: ‘தங்ஙள்’ என்று அச்சிட்டிருப்பது பிழையல்ல. ‘தங்கள்’ என்று வாசிக்கக் கூடாது. இரண்டாவது எழுத்திலும் மூக்கொலிதான், மலையாளத்தில் போல. ‘எங்ஙன’, ‘அங்ஙன’ என்பவையும் அப்படியே. சில மறுபதிப்புகளில் மெய்ப்புத் திருத்துகிறவர் இவற்றை ‘சரி’ செய்துவிடுவதுண்டு. ‘தங்கள்’ என்றானால் மரியாதைக்குரிய பட்டம் வெறும் ‘உங்கள்’ ஆகிவிடும். வாங்கும்போது இரண்டு பக்கம் புரட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

நாவலின் குறை என்று ஒன்றைச் சொல்லலாம்: ஊரை ஏய்க்கிறவர்களின் தந்திரம் வாசகருக்கு முதல் வரியிலேயே புரிந்துவிடுகிறது, ஊருக்கு மட்டும் கடைசிவரை புரிவதில்லை. ஆனால் முதலாளியின் வீழ்ச்சியை எழுதியிருக்கும் விதம் அதைச் சரிக்கட்டிவிடுகிறது. வில்லனாகத் தொடங்கியவர் மேல் கடைசியில் இரக்கம் வருகிறது, அவர் செய்த எதையும் மன்னிக்காமலேயே.

ஆ. மாதவனின் ‘கிருஷ்ணப் பருந்து’ திருவனந்தபுரம் சாலைத் தெருவின் ஆள் எழுதியது. மாதவன் அங்கேயே கடை வைத்திருந்தவர். காமத்தைப் பற்றி இவ்வளவு அடக்கமாக, இவ்வளவு அச்சமூட்டும்படி எழுதிய நாவல் தமிழில் குறைவு. மெல்லிய புத்தகம். இதற்குமேல் சொன்னால் கெட்டுவிடும்.

நீல பத்மநாபனின் ‘தலைமுறைகள்’ (1968) கடைசியில். இந்த வரிசையில் மிகக் கடினமானது இது, மிகச் சிறந்ததும் இதுவே. இரணியல், ஏழூர் செட்டிமார் குடும்பம். திரவி என்ற இளைஞனின் கண் வழியாகக் கதை. அக்காள் நாகம்மையை அவள் புருஷன் செவந்திபெருமாள் ‘பெண்ணே இல்லை’ என்று பழிபோட்டுத் திருப்பி அனுப்பிவிடுகிறான். ஊர் அதை நம்புகிறது, வீடு அதைத் தலைவிதி என்கிறது, திரவி மட்டும் மறுக்கிறான். 2010இல் ‘மகிழ்ச்சி’ என்ற படமாகவும் வந்தது; படம் பார்த்தவர்கள் கதை தெரியும் என்று புத்தகத்தை விட்டுவிட வேண்டாம். கதைச் சுருக்கத்தில் அடங்காத பகுதிதான் அதிகம்: உண்ணாமலை ஆச்சியின் பேச்சு, சடங்குகளின் வரிசை, ஒவ்வொரு சடங்குக்கும் ஆகிற செலவு. சடங்குப் பகுதிகளைத் தள்ளிவிட்டு வாசிக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. இந்த நாவலில் அது ஆகாது. எந்தச் சடங்கில் நாகம்மைக்கு இடம் இருந்தது, எந்தச் சடங்கில் அவள் அடுக்களைக்குள் போய்விடுகிறாள் என்பதைக் கவனித்துக்கொண்டே வந்தால்தான் கடைசிப் பகுதி தாக்கும்.

வாசிக்கும் முறையிலும் கொஞ்சம் மாற்றம் வேண்டும். முதல் ஐம்பது பக்கத்துக்குப் பேனா எடுத்துக்கொண்டு உறவுமுறையை ஒரு அட்டையில் எழுதிவிடுங்கள்: யார் ஆச்சி, யார் அப்பா, யார் மாமன், எந்தத் தெரு. ‘ஆச்சி’ என்றால் இங்கே பாட்டி. செட்டிநாட்டு ஆச்சி அல்ல. அட்டையின் மறுபுறம் சக்கரம், பணம் கணக்கும் கொல்லம் ஆண்டுக் கூட்டலும். இந்த ஒரு அட்டை மற்ற எல்லாப் புத்தகத்துக்கும் பக்க அடையாளமாக ஓடும். மின்னூலில் இந்த வகை நாவலை வாங்காமல் இருப்பது நல்லது. சொல்லகராதி கடைசியில் இருக்கும், அங்கே போய்த் திரும்பி வருவதற்குள் வாக்கியம் ஆறிப்போய்விடும்.

மலையாளத்திலிருந்து தமிழுக்கு வந்தவற்றில் சிக்கல் நேரெதிர். வழக்கு நாவல் கரடுமுரடாகத் தெரியும், ஆனால் பொய் சொல்லாது. மொழிபெயர்ப்பு வழுவழுவென்று ஓடும், நடுவில் அர்த்தம் கவிழ்ந்திருக்கும். இரண்டு மொழிக்கும் பொதுவான சொற்கள்தான் கண்ணி. மலையாளத்தில் ‘பனி’ காய்ச்சல். ‘சம்சாரம்’ பேச்சு. ‘யோகம்’ கூட்டம். ‘விஷமம்’ வருத்தம். ‘மடி’ சோம்பல். ‘ராஜி’ வேலையை விட்டு விலகுவது. தமிழிலோ சமாதானமாகப் போவது. செயலாளர் கூட்டத்தில் ராஜி வைத்தார் என்பதை அப்படியே விட்டால், சண்டை போட்டு வெளியேறினவர் சமரசம் பேசினவர் ஆகிவிடுகிறார். ‘அச்சன்’ இன்னும் மோசம்: தகப்பனுக்கு ஒரு எழுத்து, பாதிரியாருக்கு வேறு எழுத்து என்று மலையாளத்தில் பிரித்து எழுதலாம், தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்று. கிறிஸ்தவப் பின்னணிக் கதையில் ‘அச்சன் வந்தார்’ என்று இருந்தால் வந்தது யார் என்று முன்பக்கம் போய்ப் பார்க்க வேண்டும்.

இதைவிட ஆழமான சங்கடம் வினைமுற்று. மலையாளத்தில் ‘வந்நு’ என்றால் வந்தான், வந்தாள், வந்தார், வந்தது எல்லாம் அதிலே அடக்கம். தமிழில் ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் ஆணா, பெண்ணா, மரியாதை உண்டா இல்லையா என்று மொழிபெயர்ப்பாளர் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். போதாக்குறைக்கு மலையாளத்தில் அவன், அயாள், அத்தேகம் என்று மூன்று படி. நம்மிடம் அவன், அவர் என்று இரண்டுதான். நடுப்படியில் நிற்கிற ‘அயாள்’ எந்தப் பக்கம் தள்ளப்படுகிறார் என்பதை வைத்தே ஒரு மொழிபெயர்ப்பின் காது எப்படி என்று சொல்லிவிடலாம்.

‘திருடன் மணியன்பிள்ளை’யில் இதைக் கவனிக்கலாம். ஒரு திருடர் சொன்ன தன் வரலாற்றை ஜி.ஆர். இந்துகோபன் எழுத, தமிழில் குளச்சல் மு. யூசுப் கொண்டுவந்தது, இதற்கு 2018இன் மொழிபெயர்ப்புக்கான சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. குளச்சல்காரரின் தமிழ் என்பதால், கொல்லத்துப் பேச்சு எல்லை தாண்டும்போது அதிகம் சிதறவில்லை. பூட்டு, ஓடு, நாய், நிலா வெளிச்சம் என்று தொழில் நுணுக்கம் வருகிற பக்கங்களும், தனக்குத் தானே வழக்காடுகிற பக்கங்களும் அருமை. நடுவில் மைசூர்ப் பகுதி ஒரு தனி நாவல். நினைவிலிருந்து சொல்லப்பட்டது, சொல்கிறவர் நல்ல கதைசொல்லி. எனவே காவல்துறை ஆவணமாக எடுத்துக்கொள்ளாமல் வாசிப்பது நல்லது. தலையணை அளவுப் புத்தகம், பசை பைண்டிங். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் பெய்கிற ஊரில் முழுக்க விரித்து மேசையில் அழுத்தினால் முதுகு வெடித்து நடுப் பக்கங்கள் கையோடு வரும். மடியில் வைத்துப் பாதி திறந்து வாசியுங்கள். (தமிழ் மடி.)

பஷீரின் ‘மதில்கள்’ சுகுமாரன் மொழிபெயர்ப்பில். சிறைச் சுவருக்கு இந்தப் பக்கம் ஆண், அந்தப் பக்கம் நாராயணி. பார்த்ததே இல்லை, குரல் மட்டும். மலையாள வினை யார் பேசினார் என்று காட்டிக்கொடுக்காது. தமிழ் வினை ஒவ்வொரு முறையும் காட்டிக்கொடுத்துவிடும். அதைத் தவிர்க்க உரையாடலைத் தனித்து நிற்கவிடுவதுதான் வழி, ‘என்றாள்’ எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு சுவர் உயரும். மூலத்தையும் படிக்க முடிகிறவர்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்து அந்தச் சுவர்ப் பகுதியை மட்டுமாவது ஒப்பிட்டுப் பார்க்கலாம். அரை மணி நேர வேலை.

தகழியின் ‘தோட்டியின் மகன்’ (மலையாளத்தில் 1947) சுந்தர ராமசாமி இளம் வயதில் மொழிபெயர்த்தது. ஆலப்புழை நகராட்சியின் மலம் அள்ளுகிற தொழிலாளர்கள், மூன்று தலைமுறை: இசக்கிமுத்து, சுடலைமுத்து, மோகனன். மலையாளியின் காதில் முதல் இரண்டு பெயரும் அந்நியம். எங்கிருந்தோ வந்த பாண்டிக்காரர்கள் என்று அதிலேயே தெரியும். நம் காதில் அவை இசக்கியம்மனும் சுடலைமாடனும். திருநெல்வேலிச் சீமையின் ஊர் எல்லை கண்ணில் வந்து நிற்கும். ஆக, மொழிபெயர்ப்பில் இந்த நாவல் வேற்றூருக்குப் போகவில்லை, வீட்டுக்குத் திரும்பியிருக்கிறது. மகனுக்கு மோகனன் என்று பெயர் வைத்ததற்காகச் சுடலைமுத்து கேலிக்கு ஆளாவது மலையாளத்தில் சாதியைப் பற்றிய காட்சி. தமிழில் வாசிக்கும்போது அது சாதியோடு, தன் ஊர்த் தெய்வத்தின் பெயரைத் துறந்து பிள்ளையைத் தப்பிக்கவைக்கப் பார்க்கிற ஒருவனின் காட்சியாகவும் ஆகிறது.